ஆல்ஃபா ஏடபிள்யூயூஎஸ்036ஏசிஎம்: லினக்ஸில் வைஃபை மந்தமாக இருப்பவர்களுக்கு

லினக்ஸ் கணினிக்கு யூஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்கும்போது பெட்டியில் உள்ள நிறுவனப் பெயரைவிட உள்ளே இருக்கும் சிப்பின் எண்தான் முக்கியம். ஆல்ஃபாவின் இந்த மாடலில் இருப்பது மீடியாடெக் எம்டி7612யூ. இதற்கான டிரைவர் 2018இல் வந்த 4.19 கெர்னலிலிருந்தே (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) கெர்னலோடு சேர்ந்து வருகிறது; எதையும் கம்பைல் செய்ய வேண்டியதில்லை. ரியல்டெக் ஆர்டிஎல்8812ஏயூ சிப் உள்ள அடாப்டர்களோ பல ஆண்டுகள் வெளி டிரைவரை நம்பியே ஓடின. கெர்னல் அப்டேட் ஆனதும், வெளி டிரைவரைப் புதுக் கெர்னலுக்கு மறுபடி கம்பைல் செய்யும் டிகேஎம்எஸ் என்ற கருவி கம்பைல் ஆகாமல் நின்றுவிடும். கையொப்பமில்லாத மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட் இருந்தால் மாட்யூலுக்குக் கையொப்பமும் தேவை. அண்மைக் காலக் கெர்னல்களில்தான் அந்தச் சிப்புக்கு உள்ளேயே ஆதரவு கிடைத்தது. அந்தத் தொல்லை இல்லாததுதான் ஆல்ஃபாவைப் பரிந்துரைக்க முதல் காரணம்.

செருகியும் நெட்வொர்க் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் சிப்புக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்புதான் இல்லாமல் இருக்கும். கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையில் எம்டி7662 என்று தொடங்கும் கோப்பை ஏற்ற முடியவில்லை என்று வரும். உங்கள் டிஸ்ட்ரோவின் லினக்ஸ் ஃபர்ம்வேர் பேக்கேஜை நிறுவி, அடாப்டரைக் கழற்றி மாட்டினால் போதும்.

இந்த அடாப்டரின் வேகப் பிரிவான ஏசி1200 என்பது 2.4 கிகாஹெர்ட்ஸின் 300, 5 கிகாஹெர்ட்ஸின் 867 இரண்டையும் கூட்டிப் போட்ட எண். ஒரு நேரத்தில் ஏதாவது ஒரு பேண்டில்தான் இணைவீர்கள். 867 என்பதும் காற்றில் போகும் லிங்க் வேகம். கோப்பு நகலெடுக்கும்போது அதில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வந்தால் அடாப்டர் நன்றாகவே வேலை செய்கிறது என்று பொருள். இதை இணைய வேகச் சோதனைத் தளத்தில் அளக்காதீர்கள், அது உங்கள் பிராட்பேண்ட் பிளானைத்தான் காட்டும். ரவுட்டரில் ஈதர்நெட் கேபிளில் இணைந்த இன்னொரு கணினியில், நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 சர்வரை ஓட்டி, இரு திசைகளிலும் அளந்து பாருங்கள்.

எண் குறைவாக வந்தால் முதலில் பார்க்க வேண்டியது யூஎஸ்பி போர்ட். யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை "-டி" (சிறிய t) சேர்த்து ஓட்டினால் அடாப்டர் இருக்கும் வரியின் கடைசியில் 5000எம் என்று வர வேண்டும். 480எம் என்று வந்தால் அது யூஎஸ்பி 2 வேகத்தில் இணைந்திருக்கிறது; 300 மெகாபிட்டைத் தாண்டுவதே அரிது. போர்ட் 2.0 ஆக இருக்கலாம், கேபிள் பழையதாக இருக்கலாம், சில நேரம் அரைகுறையாகச் செருகியிருந்தாலும் இப்படி ஆகும்.

அடுத்து, வைஃபை நிலையைக் காட்டும் ஐடபிள்யூ கட்டளையில் லிங்க் விவரம். உபுண்டு, டெபியனில் இந்த இன்டர்ஃபேஸ் டபிள்யூஎல்எக்ஸ் என்று தொடங்கும் நீளமான பெயரில் வரும். சிக்னல் -50 டிபிஎம் அருகில் இருந்தால் அருமை, -70க்குக் கீழே போனால் வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். பிட்ரேட் வரியில் 80 மெகாஹெர்ட்ஸ் (சேனலின் அகலம்), என்எஸ்எஸ் 2 (ஒரே நேரத்தில் இரண்டு டேட்டா ஓடைகள்) என்ற இரண்டும் இருக்க வேண்டும். என்எஸ்எஸ் 1லேயே நின்றால் இரண்டு ஆன்டெனாக்களும் இறுக்கமாகத் திருகப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். கழற்றி மாட்டும் ஆன்டெனா என்பதால் இந்த மாடலில் இதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். 20 மெகாஹெர்ட்ஸ் என்று வந்தால் குறை ரவுட்டர் அமைப்பில். அல்லது நீங்கள் 2.4இல் இணைந்திருக்கிறீர்கள்.

2.4இல்தான் இணைய முடியும் என்றால் ஒரு விஷயம் கவனியுங்கள். யூஎஸ்பி 3 போர்ட்டும் அதில் செருகிய ஹார்ட் டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை உமிழ்கின்றன. இன்டெல் 2012இலேயே இதை விளக்கி அறிக்கை வெளியிட்டது. லேப்டாப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டி டாங்கிள்கள் இதில் மாட்டிக்கொள்ளும். ஆல்ஃபா கேபிளில் இணைவதால் தள்ளி வைக்கலாம். மேஜையில் இடம் பிடிக்கிறது என்பது குறைதான், ஆனால் அந்தத் தூரம் சிக்னலுக்கு உண்மையிலேயே உதவுகிறது.

வேகம் சரியாக இருந்தும் எஸ்எஸ்ஹெச் (வேறொரு கணினியில் கட்டளை கொடுக்கும் இணைப்பு) திக்கித் திக்கி வருகிறதா? ரவுட்டருக்குப் பிங் கொடுங்கள். 2 மில்லிசெகண்ட், திடீரென்று 100, மறுபடி 3 என்று குதித்தால் மின்சாரத்தை மிச்சப்படுத்த வைஃபையை அவ்வப்போது உறங்க வைக்கும் பவர் சேவ் மீதுதான் முதல் சந்தேகம். உபுண்டுவில் இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜரின் கான்ஃப்.டி ஃபோல்டரில் இதற்கென்றே ஒரு கோப்பு உண்டு, அதில் வைஃபை.பவர்சேவ் மதிப்பு 3 என்று இருக்கும். 2 என்று மாற்றி நெட்வொர்க்மேனேஜரை ரீஸ்டார்ட் செய்தால் பவர் சேவ் அணைந்துவிடும். இது எல்லா அடாப்டருக்கும் பொருந்தும். லேப்டாப்பிலேயே இன்டெல் ஏஎக்ஸ்200 போன்ற நல்ல கார்டு இருப்பவர்கள் புது அடாப்டருக்குப் பணம் செலவழிக்கும் முன் இதைச் செய்து பார்த்துவிடுங்கள்.

ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினியில் இணைப்பு அறுந்து அறுந்து வந்தால் எம்டி76_யூஎஸ்பி மாட்யூலுக்கு டிசேபிள்_யூஎஸ்பி_எஸ்ஜி என்ற ஆப்ஷனை 1 என மோட்ப்ரோப்.டி ஃபோல்டரில் எழுதி ரீபூட் செய்யுங்கள். யூஎஸ்பி கன்ட்ரோலரோடு, நினைவகத்தில் சிதறியிருக்கும் டேட்டாவை ஒரே தடவையில் அனுப்பும் ஸ்கேட்டர்-கேதர் முறை ஒத்துப்போகாததே அங்கே சிக்கல்.

வைஃபை 6 ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது ஏற்றதல்ல, இது வைஃபை 5 மட்டுமே. அவர்கள் எம்டி7921ஏயூ சிப் உள்ள, அதே நிறுவனத்தின் ஏடபிள்யூயூஎஸ்036ஏஎக்ஸ்எம்எல் மாடலைப் பார்க்கலாம். அதற்குக் கெர்னல் 5.18 அல்லது அதற்கு மேல் வேண்டும். டெபியன் 12இன் 6.1 போதும், டெபியன் 11இன் 5.10 போதாது.