பால் வெட்டும் தலைலைட்: தவளை தேட வாங்கலாமா?

மலேசியாவின் சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறினாலும் பழைய ஆட்களுக்கு அது இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். அந்த மாதிரித் தோட்டப் பட்டணத்தில் இரும்புச் சாமான் கடைக்குள் நுழைந்தால் பால் கத்தி, மங்கு, ரப்பர் பூட்ஸ் பக்கத்திலேயே தலைலைட்டும் தொங்கும். விடியுமுன் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்களுக்காக வந்த சாமான். 50 வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைக்கிறது. செம்பனை வாய்க்கால், பழைய ஈயச் சுரங்கக் குட்டை, லயத்து (தோட்ட வரிசை வீடுகள்) பின்பக்கத் தண்ணீர்த்தொட்டி என்று இரவில் தவளை தேடுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது பட்டணத்தில் வேறில்லை. ஆனால் கடையில் கொடுத்தபடியே மாட்டிக்கொண்டு போனால் பாதித் தவளை தண்ணீருக்குள் குதித்துவிடும்.

முதலில் அதன் பெரிய பலம். தவளைக் கண்ணில் பட்ட ஒளி வந்த வழியே திரும்பும். அதைப் பார்க்க நம் கண்ணும் அதே வழியில் இருக்க வேண்டும். இடுப்பு உயரத்தில் பிடித்த டார்ச் எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் பயனில்லாமல் போவது இதனால்தான். தலைலைட்டைப் புருவத்துக்குச் சற்று மேலே இறக்கி, கற்றையை நன்றாகக் குவித்து, கரையோரமாக மெதுவாகத் தலையைத் திருப்ப வேண்டும். புல்லில் வைரத்தூள் சிந்தியது போலப் பச்சையும் நீலமுமாக மின்னுவதெல்லாம் சிலந்தி. தவளைக் கண் அதைவிடப் பெரிது, சற்று மங்கலான மஞ்சள் வெளிச்சம், அநேகமாகத் தண்ணீர் விளிம்பில் ஆடாமல் இருக்கும். கண்டதும் கற்றையை விரித்துவிட்டு ஒளியைக் குறைத்துக்கொண்டு நெருங்குங்கள்.

குறைக்கும் இடத்தில்தான் சிக்கல். பல மாடல்களில் ஒரே ஒரு பொத்தான்: கூடுதல், குறைவு, மின்னல் (விட்டுவிட்டு வெட்டுவது), பிறகு அணைவு. குறைந்த ஒளியிலிருந்து மறுபடி கூட்ட வேண்டுமானால் மின்னலைத் தாண்டியே ஆக வேண்டும். பால்மரத்துக்கு அதனால் நட்டமில்லை. இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் தவளைக்கு அது போதும், காணாமல் போய்விடும். முன்னும் பின்னும் இழுத்துக் குவிக்கும் லென்ஸ் இன்னொரு பலவீனம். இழுக்கும்போது உள்ளே காற்றோடு ஈரமும் போகிறது. மழைக்குப் பிந்திய இரவுதான் தவளைக்கு நல்ல இரவு என்பதால் இது சின்னக் குறையில்லை. வீடு திரும்பியதும் மூடியைக் கழற்றிக் காயவைக்காவிட்டால் தொடுமுனைகளில் பச்சை பிடிக்கும்.

வெள்ளை ஒளி கொஞ்சம் நீலம் பாய்ந்தது. பனிமூட்டத்தில் சுவர் மாதிரித் திரும்பி அடிக்கும். சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாக வைத்து ரப்பர் பேண்ட் போட்டால், கத்திக்கொண்டிருக்கும் தவளையைப் பக்கத்திலிருந்து பார்க்க உதவும். நிறம் தெரியாது. அடையாளம் காணும்போது தாளை எடுத்துவிட வேண்டும்.

பேட்டரியில்தான் அதிகப் புளுகு. இந்த லைட்டில் போடும் 18650 வகை உருளைச் செல்லில் 9900 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சடித்திருந்தால் அது பொய். அந்த அளவுச் செல்லில் நல்ல தரமானவையே 3500 சுமாருக்குத்தான் வரும். சமையல் தராசில் வைத்துப் பாருங்கள்: சரியான செல் 45 கிராம் பக்கத்தில் நிற்கும், மிக லேசாக இருந்தால் சந்தேகப்படலாம். 2000 உள்ள செல் அரை ஆம்பியர் இழுக்கும் லைட்டில் 4 மணி நேரம், ஒரு ஆம்பியர் இழுத்தால் 2 மணி நேரம். எட்டு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குத் திரும்ப ஒரு உபரிச் செல் சட்டைப்பையில் அவசியம்.

எந்த லைட்டும் காட்டாத தவளைகளும் உண்டு. மைக்ரோஹைலா ஹெய்மோன்ஸி என்ற குட்டித் தவளை இரண்டரை சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. புல்லடியில் இருந்தால் கண் மின்னுவதும் தெரியாது. சீப்புப் பற்களில் நகத்தை ஓட்டுவது போன்ற அதன் சத்தம்தான் வழி. லைட்டை அணைத்து மூன்று நிமிடம் சும்மா நில்லுங்கள். அது மறுபடி தொடங்கியதும் இருவர் இரண்டு பக்கத்திலிருந்து கை நீட்டிக் காட்டினால், கைகள் சந்திக்கும் இடத்தில் இருக்கும். பெருமழைக்குப் பின் மாடு போல முக்குவது கலூலா புல்க்ரா, நுணல் இனத்துக் குண்டு ஆசாமி. வாயால் கெடுவது நமக்கு வசதி.

அடையாளத்துக்கு முதுகுப் படம் மட்டும் போதாது. வயல் தவளை முதுகில் நடுக்கோடு சிலவற்றுக்கு இருக்கும், சிலவற்றுக்கு இருக்காது. கோட்டை நம்பி இனம் பிரித்தால் தவறுவீர்கள். பின்கால் விரல்களைப் பாருங்கள்: இடைச் சவ்வு பாதியளவில் நின்றால் வயல் தவளை, கிட்டத்தட்ட நுனிவரை வந்தால் நண்டுண்ணித் தவளை. குவாலா சிலாங்கூர் பக்கத்து உப்புநீர் ஏறும் வாய்க்கால்களில் இரண்டாவதை எதிர்பார்க்கலாம். உடல் ஓரங்களில் பால்நிறக் கோடு ஓடும் பச்சைத் தவளை ஹைலரானா எரித்ரேயா, குழப்பம் குறைவு. லயத்துத் தொட்டி விளிம்பில் ஒட்டியிருப்பது பாலிபெடேட்ஸ் லியூகோமிஸ்டாக்ஸ் என்ற மரத்தவளை. அதன் முதுகில் உள்ள நாலு கோடு சிலவற்றில் இராது, நிறமும் இரவுக்கும் பகலுக்கும் மாறும். விரல் நுனி வட்டுகளை மட்டும் நம்புங்கள். அதன் தலைப்பிரட்டைக்கு மூக்கு நுனியில் வெள்ளிப் பொட்டு இருக்கும், குவிக்காத லைட்டில் தண்ணீருக்குள்ளேயே பளிச்சென்று தெரியும்.

ரப்பர் பூட்ஸ் இல்லாமல் செம்பனை வாய்க்காலில் இறங்காதீர்கள். எலி மூத்திரத்தால் பரவும் காய்ச்சல் ஒரு பக்கம், எலிக்காக வரும் நாகம் மறுபக்கம். ஈயக் குட்டைக் கரை சரியும், விளிம்பிலிருந்தே பாருங்கள். தோட்ட ஆபீஸில் கேட்காமல் நுழைந்தால் ஜாகாவுக்கு (காவலாளிக்கு) நீங்களும் செம்பனைக் குலை திருட வந்தவர்தான். கொசு எண்ணெய் பூசிய கையால் தவளையைத் தொடக்கூடாது, அதன் தோல் எல்லாவற்றையும் உறிஞ்சும்.

வாங்கும்போது கடையிலேயே பொத்தானை ஐந்தாறு தடவை அழுத்திப் பாருங்கள். செல் நெற்றியிலேயே உள்ள ஒற்றைத் துண்டு வகையைக் கேளுங்கள், இடுப்புப் பேட்டரியின் வயர் செம்பனை முள்ளில் மாட்டும். குறைவுக்கும் கூடுதலுக்கும் நடுவில் மின்னல் வந்தால் அதைக் கொக்கியிலேயே திரும்ப மாட்டிவிட்டு அடுத்ததை எடுங்கள்.