ஓசூர் பழம்பொருள் கடையில் சீனக் கம்பளங்கள்

ஓசூரில் பாகலூர் சாலையில் உள்ள ஒரு பழம்பொருள் கடையில், பெங்களூரின் பழைய பங்களாக்களிலிருந்து வந்த தேக்கு அலமாரிகளுக்கும் ஊஞ்சல் பலகைகளுக்கும் நடுவே, சீனக் கம்பளங்கள் நான்கு சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. அலமாரி வாங்கப் போன நான், ஒன்றை விரித்துக் காட்டச் சொல்லி இரண்டு மணி நேரம் அதன் அருகிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆறடிக்கு மூன்றடி அளவுள்ள அந்தக் கம்பளத்தில், அவுரி நீலத் தரையின் நடுவே நீண்ட ஆயுளைக் குறிக்கும் 'ஷௌ' என்ற சீன எழுத்தும், அதைச் சுற்றி ஐந்து வௌவால்களும் உள்ளன. வௌவால் வீட்டுக்குள் புகுந்தால் ஆகாது என்பார்கள் நம் ஊரில். சீன மொழியிலோ அதன் பெயரில் வரும் 'ஃபூ' என்ற ஒலியே நற்பேற்றையும் குறிப்பதால், ஐந்து வௌவால்கள் நீண்ட ஆயுள், செல்வம், உடல்நலம், நல்லொழுக்கத்தில் பற்று, இயற்கையான இறப்பு என்னும் ஐந்து பேறுகளாகின்றன. மீனின் பெயர் மிகுதியையும், பூச்சாடியின் பெயர் அமைதியையும் இவ்வாறே ஒலிக்கின்றன. சிலேடையில் ஊறிய நமக்கு இந்தக் கம்பளம் ஒரு கவிதையாகவே படிக்கக் கிடைக்கிறது. மூலைகளில் உள்ள பீச் பழமும் நீண்ட ஆயுளுக்கே உரியது. அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த தகடூர்ச் சீமையில் அதற்கு விளக்கமே தேவையில்லை.

ஒவ்வொரு வௌவாலின் விளிம்பிலும் கம்பளி மயிரைக் கத்தரித்துப் பள்ளம் செய்திருப்பதால், உருவம் தரையிலிருந்து எழும்பி நிற்கிறது. விரலால் தடவினால் இறக்கையின் வளைவு தெரிகிறது. பாரசீகக் கம்பளத்தைப் போல் நெருக்கமான முடிச்சுகளால் தரை முழுவதையும் நிரப்பாமல், நீலத்தைப் பெரும்பகுதி வெறுமையாக விட்டிருப்பதே இதன் அழகு. ஆயினும் விலைச்சீட்டில் 'பாரசீகம்' என்றே எழுதியிருந்தது. சுட்டிக்காட்டியதும் உரிமையாளர், "அப்படிங்களா சார், மாத்தி எழுதிடறேன்" என்று அப்போதே திருத்தினார்.

இருநூறு ஆண்டுப் பழமை என்று அவர் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. ஓரத்தில் ஓடும் பளீரென்ற ஊதா செயற்கைச் சாயம். அத்தகைய சாயம் 1856-இல்தான் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. 1920-களில் தியான்ஜின் பட்டறைகளில் ஏற்றுமதிக்கென்று ஏராளமாக நெய்யப்பட்டவற்றுள் இதுவும் ஒன்றாக இருக்கலாம் என்பது என் கணிப்பு. கம்பளங்களைச் செங்குத்தாகச் சாய்த்து வைத்திருப்பதும் தவறு. அடிமடிப்பில் பாவு நூல் நைந்திருக்கிறது.

வாங்க நினைப்பவர்கள் பகலில் சென்று, வாசலுக்குக் கொண்டுவந்து விரிக்கச் சொல்லுங்கள். உள்ளே எரியும் டியூப்லைட்டில் அவுரி நீலம் கறுப்பாகவே தெரிகிறது.