பெரிய எழுத்து வேதாகமம்: ஆறு மாதம் வாசித்த பிறகு

கண்புரை ஆபரேஷன் முடிந்தும் அம்மாவுக்குச் சின்ன எழுத்து பிடிபடவில்லை என்பதால், பெரிய எழுத்து வேதாகமம் ஒன்று வாங்கினேன். பழைய மொழிபெயர்ப்பு, கறுப்பு ஜிப் உறை, விலை 900 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். ஆறு மாதமாகத் தினமும் ராத்திரி குடும்ப ஜெபத்தில் இதைத்தான் வாசிக்கிறோம்.

எழுத்து நிஜமாகவே பெரியது. டியூப்லைட் வெளிச்சத்தில் அம்மா தடுமாறாமல் வாசிக்கிறார், 'ண', 'ன' குழப்பம் இல்லை. தாள் மெல்லியது, பின்பக்கத்து எழுத்து லேசாகத் தெரிகிறது. எடை அதிகம், தலையணைமேல் வைத்துத்தான் வாசிக்க முடியும். 1714-15ல் தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சானபோதே இந்தப் பாடு இருந்திருக்கிறது; ஜெர்மனியிலிருந்து மிஷனரி சீகன்பால்குவுக்கு வந்த அச்செழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் போதாமல், அங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். அதனால் எடையை நான் குறையாகச் சொல்லவில்லை. ஜிப்தான் மோசம், மூன்றாம் வாரமே பல் விட்டுவிட்டது.

சரி, இதை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். நான் வயரிங் வேலை எடுத்துச் செய்கிறவன். எங்கள் ஊரில் இதே தொழிலில் இன்னொருவர் இருக்கிறார், எஸ்டிமேட்டில் ஒரு வயரை எழுதிவிட்டு சுவருக்குள் அதைவிட மெல்லிய வயரை இழுப்பார், கமிஷன் கொடுத்து பில்லைப் பாஸ் பண்ணிவிடுவார், எனக்கு வரவேண்டிய நாலு வேலை ஒரே வருஷத்தில் அவரிடம் போனது. அவரும் எங்கள் கோயில்தான். கோயிலில் எல்லாருக்கும் போடுகிற விருந்தான அசனத்துக்கு அரிசி மூட்டை அவருடையது, அவர் பெயரை மைக்கில் வாசிக்கும்போது கைதட்டுவார்கள், நான் பந்தியில் இலை போட்டுக்கொண்டு நிற்பேன். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது.

ஜனவரியில் ஒரு ராத்திரி வாசிப்பு சங்கீதம் 73க்கு வந்தது. ஆசாப் எழுதியது. தாவீது ராஜா நியமித்த பாடகர்களில் தலைவர், கைத்தாளம் போட்டவர், 12 சங்கீதங்கள் அவர் பெயரில் இருக்கின்றன. ஆலயத்தில் பாடுகிற அந்த மனிதரே, துன்மார்க்கரின் வாழ்வைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், கால் சறுக்கப் பார்த்தது என்று ஒளிக்காமல் சொல்கிறார். பெருமை அவர்களைச் சரப்பணிபோல, அதாவது கழுத்துச் சங்கிலிபோல, சுற்றியிருக்கிறது என்கிறார், கைகளைச் சுத்தமாக வைத்துக்கொண்டது வீண்தானோ என்று கேட்கிறார். அதே கேள்வியை முந்தின வாரம்தான் என் மனைவியிடம் கேட்டிருந்தேன்.

அப்புறம் அவர் பரிசுத்த ஸ்தலத்துக்குள் போய் அவர்களுடைய முடிவைப் பார்க்கிறார். சறுக்கலான இடத்தில் நிற்கிறார்கள், ஒரு நொடியில் அழிந்துபோவார்கள் என்று வருகிற 18, 19, 20ஆம் வசனங்கள் இந்தப் பதிப்பில் வலதுபக்கத்து அடியில் இருக்கின்றன. அதை நான் குரலை உயர்த்தி, ருசித்து வாசித்தேன். அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"எய்யா, உனக்கு அவன் வீடு வேணுமா, இல்ல அவன் விழணுமா?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. "தாளைத் திருப்பு" என்றார். அடுத்த பக்கத்தின் தலையிலேயே ஆசாப் தன்னைத்தான் மூடன் என்கிறார், உமக்கு முன்னால் மிருகம்போல் இருந்தேன் என்கிறார். அவர்கள் முடிவைப் பார்த்து வந்தவருக்குச் சந்தோஷம் வரவில்லை, வெட்கம் வந்திருக்கிறது. அதற்குப் பின் நாலு வசனங்களுக்குத் துன்மார்க்கர் பேச்சே இல்லை. தேவன் என் வலதுகையைப் பிடித்திருக்கிறார், பூமியில் வேறு விருப்பமில்லை, அவ்வளவுதான். எத்தனையோ தடவை கேட்ட சங்கீதம், ஆனால் நான் எப்போதும் அந்த வலதுபக்கத்திலேயே நின்றிருக்கிறேன்.

அந்த மனிதர் விழவில்லை, இந்த வருஷம் மாடியும் எடுத்துவிட்டார். எனக்கு வயிற்றெரிச்சல் ஒரே நாளில் போய்விடவுமில்லை. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் குடும்ப ஜெபத்தில் அவர் பெயரைச் சொல்லி ஜெபிக்க ஆரம்பித்தேன், முதல் வாரம் நாக்கு எழவில்லை, மூன்றாம் வாரம் அவர் மகளுக்குக் காய்ச்சல் என்று கேட்டு நிஜமாகவே மனசு கலங்கியது. பள்ளிக்கூடக் கட்டிடம் ஒன்றில் அவர் இழுத்த வயர் சூடாவதைப் பார்த்து இஞ்சினியரிடம் சொன்னேன், மாற்ற வைத்தார்கள். முன்பே சொல்லியிருந்தால் அவரை மாட்டிவிடத்தான் சொல்லியிருப்பேன், இப்போது உள்ளே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்தான் நினைவில் இருந்தார்கள். கைவிட்டுப்போன வேலைகள் திரும்பவில்லை, சீட்டுப் பணம் கட்டத் திணறுகிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்த வருஷ அசனத்தில் இலை போட்டேன், பிறகு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

பைண்டிங் உறுதி, இத்தனை தடவை விரித்தும் தையல் விடவில்லை. வயதானவர்கள் உள்ள வீட்டுக்குத் தாராளமாக வாங்கலாம். ஜிப் உறை இல்லாதது கிடைத்தால் அதையே கேளுங்கள், எங்களுடையதை அம்மா பழைய சேலைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறார்.