ரூ. 14,500 வாங்கிக்கொண்டு கிளியர் கோட்டைத் தேய்த்தே எடுத்துவிட்டார்கள்: பெங்களூருவில் கார் பாலிஷ் போடுமுன் படியுங்கள்

செயலி வழியாக முன்பதிவு வாங்கிக் கார்களுக்கு பாலிஷ் போட்டுத் தரும் கடை ஒன்றில், வெளுத்துப்போன என் கருநீல மெட்டாலிக் காரைக் கொடுத்து ரூ. 14,500 இழந்திருக்கிறேன். பணம் போனதோடு நிற்காமல், நிறத்துக்கு மேல் பூசியிருக்கும் ஒளி ஊடுருவும் படலமான கிளியர் கோட்டும் போய், பானெட்டுக்குப் புதிதாக பெயிண்ட் அடிக்க வேண்டிய நிலையும் வந்திருப்பதால், பானஸ்வாடி, கம்மனஹள்ளிப் பக்கத்து நண்பர்கள் எவரும் இதே வலையில் விழாதிருக்க இதை எழுதுகிறேன்.

எங்கள் அடுக்ககத்தில் போர்வெல் தண்ணீர்தான். அதில் கழுவிய காரை வெயிலில் காயவிட்டால், நீர் ஆவியாகிச் சுண்ணாம்பு உப்புகள் வெள்ளை வளையங்களாகப் படிந்துவிடும் என்பது இந்த ஊரில் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கறைக்காகத்தான் போனேன். கடையின் மேலாளர் என் பேச்சைக் கேட்டதும், "சார், நீங்க தமிழா? நானும் வேலூர்ப் பக்கம்தான், நம்ம ஆளுக்கு நானே நின்னு பண்ணித் தர்றேன்" என்றார். அடுத்துச் செய்தது அதைவிடச் சாமர்த்தியமான காரியம். பானெட்டின் நடுவே காகித டேப்பை ஒட்டி, ஒரு பாதியில் மட்டும் மெஷினை ஓட்டிவிட்டு, டியூப் லைட்டுக்கு அடியில் என்னை நிற்கவைத்து டேப்பை மெதுவாக உரித்தார். ஒரு பக்கம் சாம்பல் பூத்த நீலம், மறுபக்கம் விளக்கின் கம்பி வரை தெரியும் கண்ணாடிப் பளபளப்பு! அந்த இடத்திலேயே முழுத் தொகையையும், அதாவது ரூ. 14,500-ஐயும், யுபிஐ-யில் அனுப்பினேன். முன்பணமாக முழுத் தொகையும் கொடுத்தால்தான் "பேக்கேஜ் விலை" என்பது அவர்கள் விதித்த நிபந்தனை.

வண்டி வந்தபோது பளபளவென்றுதான் இருந்தது. ஷாம்பு போட்டுக் கழுவக் கழுவப் பளபளப்பு கரைந்து, பழைய கீறல்கள் அத்தனையும் திரும்பி வந்தன. கீறலைத் தேய்த்து நீக்காமல், எண்ணெய்ப் பசையுள்ள கிளேஸைத் தடவி அடைத்திருக்கிறார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பானெட்டின் மடிப்புக் கோட்டின் மேல், விரலகலத்துக்கு ஒளியே இல்லாமல், சாக்பீஸ் தடவியது போல ஒரு பட்டை தெரிந்தது. எங்கள் தெருவில் டிங்கரிங் கடை வைத்திருக்கும் பெயிண்டர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "கிளியர் கோட் போயிருச்சு அண்ணா, இனி பாலிஷ் வேலைக்கு ஆகாது" என்றார். நிறத்துக்கு மேலிருக்கும் அந்த ஒளி ஊடுருவும் படலம் பெரும்பாலான கார்களில் ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான்தான் இருக்கும், தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷினில் கம்பளிப் பேடைப் பொருத்தி, முரட்டுக் காம்பவுண்டை (தேய்க்கும் பசையை) வைத்து மடிப்பிலும் விளிம்பிலும் அழுத்தினால், சூடேறி அது தேய்ந்து போய்விடுகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், சாட்சியை அவர்களே அனுப்பியிருக்கிறார்கள். வேலை நடக்கும்போது வாட்ஸ்அப்பில் பெருமையாக வந்த படத்தின் ஓரத்தில் கிடக்கும் பேட் நீலமாக இருக்கிறது. கிளியர் கோட் இருக்கும் காரில் பேடில் வெள்ளைப் பசைதான் ஏற வேண்டும். காரின் நிறமே ஏறினால் படலம் போயிற்று என்று பொருள்.

படத்தைக் காட்டிக் கேட்டபோது முதலில் "வண்டி பழசு சார்" என்றார் அந்த வேலூர்ப் பக்கத்துக்காரர். பிறகு நான் கழுவிய விதம் தவறு என்றார். பிறகு ஓனர் ஊரில் இல்லை. செயலியின் வாடிக்கையாளர் சேவையோ, "சேவை நிறைவுற்றது" என்று டிக்கெட்டை மூடிவிட்டு எனக்கு ஐந்து நட்சத்திரம் கேட்டது. ஜிஎஸ்டி ரசீது கேட்டால் சிஸ்டம் வேலை செய்யவில்லையாம். எல்லாவற்றுக்கும் மேலாக, செராமிக் கோட்டிங் போட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது, தள்ளுபடியில் போட்டுத் தருகிறேன் என்று கூசாமல் சொல்கிறார் மேலாளர். ரூ. 14,500 போதவில்லை போலும்.

விரிவாக ஆலோசனை எழுதத்தான் நினைத்தேன், இப்போது பொறுமையில்லை. மெஷினைத் தொடுமுன் பெயிண்டின் தடிமனைக் கருவியால் அளந்து காட்டச் சொல்லுங்கள். கருவி இல்லாத கடையில் வண்டியை விடாதீர்கள். விளிம்புகளுக்கு டேப் ஒட்டுகிறார்களா என்று பாருங்கள். முடிந்ததும், கிளேஸின் எண்ணெய்ப் பசை போக, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஒரு இடத்தைத் துடைக்கச் சொல்லி, வெளியே வெயிலில் நிறுத்திப் பார்த்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள். வெறும் உப்புக்கறையாக இருந்தால், நீர் கலந்த வினிகரை முதலில் ஓர் ஓரத்தில் முயன்று பார்த்து உடனே அலசிவிடுங்கள், பாலிஷே தேவைப்படாமல் போகலாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் நீலப் பேட் படத்தோடு புகார் கொடுத்திருக்கிறேன். பதில் வந்தால் இதே பதிவில் சேர்க்கிறேன்.