அரிசோனாவில் மான் தேட எந்த பைனாகுலர்: 10-ஆ, 15-ஆ, ஸ்டெபிலைசர் வைத்ததா?

தென்கிழக்கு அரிசோனாவில் கூஸ் மான் வேட்டை என்றால் முக்கால்வாசி நேரம் உட்கார்ந்து பார்ப்பதுதான். சாண்டா ரீட்டா, சிரிகாவா மலைப்பக்கம் வாழும் இந்தச் சின்ன வெள்ளைவால் மானில் வளர்ந்த கிடா கூட 45 கிலோவைத் தாண்டுவது அபூர்வம். சாம்பல் நிறம் வேறு. ஓக் மரத்தடியில் படுத்துவிட்டால் பாறைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. போதாக்குறைக்கு 2022 முதல் வேட்டைக்கு டிரெயில் கேமரா (விலங்கு கடந்தால் தானே படமெடுக்கும் கேமரா) வைப்பதையும் இந்த மாநிலத்தில் தடை செய்துவிட்டார்கள். எதிர்ச்சரிவைக் கண்ணாலேயே சலித்தெடுக்க வேண்டும்.

கையில் பிடிக்கும் 10x42, டிரைபாடில் ஏற்றும் 15x56, பட்டனை அழுத்தினால் படம் நிலைத்து நிற்கும் ஸ்டெபிலைசர் ரகம் என்று மூன்று வழிகள் இருக்கின்றன. (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, அடுத்தது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில்.) நான் 10-லிருந்து 15x56-க்கு மாறியவன், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒற்றைக் கண்ணால் பார்க்கும் சிறு தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப்பை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. கண்டுபிடித்த மானின் கொம்பில் எத்தனை கிளை என்று எண்ண அது நல்லது. ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு மணிக்கணக்கில் தேட என்னால் முடியாது.

10x42 பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நெஞ்சில் மாட்டிக்கொண்டு நடக்கலாம், 1,000 மீட்டர் தூரத்தில் சுமார் 110 மீட்டர் அகலம் தெரியும், விடியற்கால வெளிச்சத்திலும் கைகொடுக்கும். 15x56-இல் அந்த அகலம் 77 மீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். எடையும் 1.2 கிலோவைத் தொடும். கிட்டத்தில் எதையாவது சட்டென்று பார்க்க அது லாயக்கில்லை.

அப்புறம் ஏன் 15? உருப்பெருக்கம் மட்டும் காரணமில்லை. 15 மடங்கு பெரிதாகும்போது கை நடுக்கமும் 15 மடங்காகிறது. மூச்சு, நாடித்துடிப்பு எல்லாம் படத்தில் தெரியும். கையில் பிடித்த 15-ஐவிட டிரைபாடில் நிற்கும் 10 அதிகம் காட்டும். சந்தேகம் இருந்தால் உங்களிடம் இருக்கும் 10x42-ஐயே டிரைபாடில் ஏற்றிப் பாருங்கள். படம் அசையாமல் நின்றால்தான் அதற்குள் அசைவது கண்ணில் படும்: ஒரு காது திரும்புவது, வால் ஒரு தடவை ஆடுவது. மரத்தண்டுகள் எல்லாம் நெட்டுக்குத்தாக நிற்கும் இடத்தில் முதுகின் கிடைக்கோடு ஒன்று தனியாகத் தெரியும். அரிசியில் கல் பொறுக்குவது போல வரிசை வரிசையாகப் பார்க்க வேண்டும். பைனாகுலரை நிறுத்திவிட்டு, வட்டத்துக்குள் கண்ணை மட்டும் ஓட்டி, முடிந்ததும் அடுத்த கட்டத்துக்கு நகர்த்தணும்.

ஆகவே காசை டிரைபாடில் போடுங்கள். 15x56 சுமார் 500 டாலரில் தொடங்கி 2,000-ஐத் தாண்டியும் போகும். இரண்டு படி மலிவான பைனாகுலரை வாங்கி, மிச்சத்தில் டிரைபாடின் மேல் பைனாகுலரைத் தாங்கித் திருப்பும் ஹெட்டை நல்லதாக வாங்குவது மேல். பால் ஹெட் (உருண்டை மூட்டில் திரும்புவது) வேண்டாம். தளர்த்தினால் எல்லாப் பக்கமும் சாயும், வரிசை தப்பிவிடும். கைப்பிடி வைத்த, வழுக்கினாற்போல் சீராகத் திரும்பும் ஃப்ளூயிட் பேன் ஹெட்தான் இதற்கு ஏற்றது. சின்னதாக இருந்தாலும் போதும். கால்கள் தரையோடு விரியணும், ஏனென்றால் பாறையில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துதான் பார்ப்போம். நடுக்கம்பம் நீளமாக இருந்தால் அவ்வளவு தாழ இறக்க முடியாது. அதை உயர்த்தி வைத்தால் காற்றில் ஆடும். கழுத்தை நீட்டாமல் கண் நேராகக் கண்ணாடியில் படுகிற உயரம் கிடைக்கிறதா என்று கடையிலேயே தரையில் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள், யார் சிரித்தாலும் பரவாயில்லை. காற்று அடித்தால் பையைத் தொங்கவிடலாம். பையின் அடி தரையைத் தொடட்டும், அந்தரத்தில் ஊசலாடினால் அதுவே டிரைபாடை ஆட்டும்.

பெரும்பாலான பைனாகுலர்களில் நடுக்கீலின் முன்னால் ஒரு மூடி இருக்கும், திருகினால் மரை தெரியும். சில விலை உயர்ந்த மாடல்களில் இது இருப்பதில்லை, கேட்டு வாங்குங்கள். அதில் மாட்டும் அடாப்டர் மெல்லிய, உயரமான தகடாக இருந்தால் தொட்ட பிறகும் படம் அதிர்ந்துகொண்டே இருக்கும். குட்டையான, கெட்டியான ஸ்டட் (முளை) வகைதான் சரி.

ஸ்டெபிலைசர் ரகத்தை, உதாரணமாக கேனன் 15x50-ஐ, நண்பரிடம் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்ததோடு சரி, சீசன் முழுக்கப் பயன்படுத்தியதில்லை. பட்டனை அழுத்தியதும் படம் உறைந்து நிற்பது உண்மையிலேயே அசத்தல். நடந்துகொண்டே தேடுகிறவர்களுக்கு, டிரைபாட் சுமக்க முடியாதவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். ஆனால் 1.2 கிலோவை எவ்வளவு நேரம்தான் தூக்கிப் பிடிப்பது? கை வலித்தால் தேடலும் நின்றுவிடும். குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும், உதிரி வேண்டும்.

வெயில் ஏறிக் கானல் ஆடத் தொடங்கிவிட்டால் 15-க்கும் மதிப்பில்லை. படமே கொதிக்கிற மாதிரி ஆகும். அந்த நேரத்தில் நான் நெஞ்சில் மாட்டிய பழைய 10-ஐ எடுத்து, பக்கத்துச் சரிவின் நிழல்களை மட்டும் பார்ப்பேன். 18x56-உம் வந்திருக்கிறது. இந்தக் கானலை நினைத்தே அந்தப் பக்கம் போகவில்லை.