சல்லென்று தண்ணீர் கொட்டுகிற ஃபில்டரை நம்பாதீர்கள்

நேபாளம், அன்னபூர்ணா சர்க்யூட் (மலையைச் சுற்றிப் பல நாள் நடக்கிற பாதை) என்று கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். போன அக்டோபரில் நான் போவதற்கு முன்னால் சென்னையில் ட்ரெக்கிங் சாமான் விற்கிற ஒரு கடையில் 2,400 ரூபாய்க்குக் கையடக்க ஃபில்டர் ஒன்று வாங்கினேன். பெயர் தெரிந்த கம்பெனி ஃபில்டர் அதே கடையில் இரண்டு மடங்கு விலை. "உள்ள ஒரே சரக்குதான் சார், பேருக்குத்தான் காசு" என்றார் கடைக்காரர்.

டப்பாவில் பாக்டீரியா, வைரஸ் எல்லாம் 99.99 சதவீதம் போகும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நூல் மாதிரி மெல்லிய குழாய்களைக் கட்டாகக் கட்டி வைத்திருக்கிற இந்த வகையில் துளை பெரும்பாலும் 0.1 மைக்ரான், அதாவது 100 நானோமீட்டர். மஞ்சள் காமாலை தருகிற ஹெபடைட்டிஸ் ஏ வைரஸ் 30 நானோமீட்டர் சுமார்தான், அது பாட்டுக்கு நுழைந்து போய்விடும். வைரஸுக்குக் குளோரின் மாத்திரை போடணும், இல்லையென்றால் கொதிக்க வைக்கணும்.

சரி, பாக்டீரியாவையாவது பிடித்ததா என்றால் அதுவும் இல்லை. வழியெல்லாம் கோவேறு கழுதைகள் நடக்கிற பாதை, ஓடைத் தண்ணீரை நம்ப முடியாது. என் ஃபில்டரில் பையை லேசாக அமுக்கினாலே சல்லென்று கொட்டும், கூட வந்தவர்கள் முக்கி முக்கிப் பிழிந்துகொண்டிருப்பார்கள். எனக்கு ஒரே பெருமை. சாமே என்கிற ஊர் (2,670 மீட்டர்) வருவதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தேன். லாட்ஜ் சாப்பாடாகவும் இருக்கலாம், சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் குழுவில் இருந்த கோவைத் தம்பி ஒருவர், "அண்ணா, அத ஒரு நிமிஷம் குடுங்க" என்று வாங்கி, தண்ணீர் வெளியே வருகிற பக்கம் வாயை வைத்து ஊதினார். அடிப்பக்கம் புஸ்ஸென்று காற்று வந்தது. நன்றாக நனைந்த குழாய்க் கட்டில் வாயால் ஊதினால் காற்று போகவே கூடாதாம், போனால் எங்கேயோ விரிசல் என்று அர்த்தம். தண்ணீர் சல்லென்று கொட்டியதும் அந்த விரிசல் வழியாகத்தான் போலிருக்கிறது. இன்னும் மேலே மனாங் என்கிற ஊரில் நான்கு நாள் படுத்துக் கிடந்து, 5,416 மீட்டர் தோராங் லா கணவாயைப் பார்க்காமலேயே ஜீப் பிடித்துத் திரும்பினேன்.

ஊருக்கு வந்து கடையில் கேட்டால், "குளிர்ல உறைஞ்சிருக்கும் சார், வாரண்டி வராது" என்கிறார். உறைந்தால் குழாய்கள் வெடிக்கும் என்பது உண்மைதான், அதற்காகத்தான் ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துத் தூங்குவார்கள். ஆனால் எனக்கு வயிறு போனது உறைபனியே இல்லாத உயரத்தில். புது ஃபில்டர் வாங்கினால் ஊரை விட்டுக் கிளம்பும் முன் வீட்டிலேயே இரண்டு லிட்டர் தண்ணீரை விட்டு, அப்புறம் ஊதிப் பார்த்துவிடுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போட்டுப் புகார் கொடுக்கலாம் என்று பில்லைத் தேடி எடுத்தேன். "ஃபில்டர் - 1" என்று மட்டும் எழுதியிருக்கிறது. பிராண்டு இல்லை, மாடல் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை.