வின்னிபெக்கில் வீடு எங்கே பார்க்கலாம்? பகுதி பகுதியாக ஒரு மதிப்புரை

ஜூலை மாதத்தில் வந்து பார்த்தால், கனடாவின் மனிடோபா மாநிலத்தில் உள்ள வின்னிபெக்கில் எந்தப் பகுதியும் பிடித்துப்போகும். பழைய தெருக்களில் எல்ம் மரங்கள் பந்தல் போட்டிருக்கும். இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். டொராண்டோ வாடகையை நினைத்தால் இங்கே கேட்பது ஆறுதலாகவே தெரியும். அந்த மயக்கத்தில் லீஸில் (வாடகை ஒப்பந்தத்தில்) கையெழுத்துப் போட்டவர்களுக்கு விஷயம் ஜனவரியில்தான் புரியும். ஜனவரி இரவுகள் சராசரியாகவே மைனஸ் 20ஐ ஒட்டி இருக்கும். காற்றும் சேர்ந்து மைனஸ் 40 போல உறைக்கும் நாளில் மூடாத தோல் 5 முதல் 10 நிமிடத்தில் உறைந்துவிடும். ஆகவே இந்த மதிப்புரை ஒரே கேள்வியை வைத்துத்தான் போகிறது: ஜனவரி, வேலை நாள், காலை 7 மணி, வெளியே இருட்டு. கதவைத் திறந்து வெளியே வருபவர் வேலைக்கோ வகுப்புக்கோ எப்படிப் போய்ச் சேர்வார்?

பஸ்ஸை நம்பி வருபவர்களுக்கு முதலில் ஒரு எச்சரிக்கை. 2025 ஜூன் 29 அன்று வின்னிபெக் டிரான்சிட் தன் வழித்தடங்களை ஏறக்குறைய முழுவதுமாக மாற்றியது. அதற்கு முன் எழுதிய எந்த வழிகாட்டியில் இருக்கும் பஸ் எண்களையும் நம்ப வேண்டாம். இப்போது பெரிய சாலைகளில் நேராக, அடிக்கடி ஓடும் பஸ்கள் ஒரு பக்கம். குடியிருப்புகளுக்குள் சுற்றி ஆட்களை அந்தப் பெரிய சாலைக்குக் கொண்டுவந்து விடும் சிறிய பஸ்கள் இன்னொரு பக்கம். நிறுத்தங்களையும் குறைத்திருக்கிறார்கள், அதனால் நடை கூடியிருக்கிறது. வாடகை விளம்பரத்தில் ‘பஸ் ஸ்டாப் பக்கத்திலேயே’ என்று போட்டிருந்தால் அது எந்த வகை பஸ் என்று கேளுங்கள். டிரான்சிட்டின் பயணத் திட்டப் பக்கத்தில் அந்த முகவரியைப் போட்டு மூன்று முறை தேடிப் பாருங்கள்: வேலை நாள் காலை 7 மணிக்கு, ஞாயிறு காலை 8 மணிக்கு, இரவு 11 மணிக்கு வீடு திரும்ப. மூன்றுக்கும் உருப்படியான பதில் வந்தால்தான் கார் இல்லாமல் அங்கே வாழ முடியும். இன்னொன்று, மொத்த நிமிடத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. குளிரில் வாட்டுவது பஸ்ஸுக்குள் இருக்கும் நேரம் அல்ல, நின்று காத்திருக்கும் நேரம். ஒரே பஸ்ஸில் 40 நிமிடம் போவது, நடுவில் ஒரு முறை மாறி 30 நிமிடத்தில் போவதைவிட எவ்வளவோ மேல்.

இந்தக் கணக்கில் முதல் இடம் ஃபோர்ட் கேரி, ஃபோர்ட் ரிச்மண்ட் பக்கம், அதாவது பெம்பினா நெடுஞ்சாலையை ஒட்டிய பகுதிக்கு. முதல் வருடத்துக்கு 5க்கு 4½ தாராளமாகக் கொடுக்கலாம். காரணம் ப்ளூ லைன். டவுன்டவுனிலிருந்து மனிடோபா பல்கலைக்கழகப் பக்கம் வரை பஸ்களுக்கென்றே போட்ட தனிப் பாதை இது. முதல் பகுதி 2012ல் திறந்தது, தெற்குப் பகுதி 2020 ஏப்ரலில். கார் நெரிசலில் மாட்டாது, பனி கொட்டும் நாளிலும் மற்ற வழித்தடங்களைவிட நம்பலாம். சான்சலர், பிளாசா, மார்க்கம் போன்ற நிலையங்களிலிருந்து பத்து நிமிட நடைக்குள் வீடு கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம்.

குறையும் உண்டு. மாணவர்கள் மொய்க்கும் இடம் என்பதால் ஆகஸ்டில் வந்து தேடினால் மிச்சம் கிடப்பதுதான் கிடைக்கும். ஒரு வீட்டைத் தடுத்துத் தடுத்து ஏழெட்டு அறையாக்கி வாடகைக்கு விடுபவர்களும் இங்கே இருக்கிறார்கள். பேஸ்மென்ட் (தரைமட்டத்துக்குக் கீழே உள்ள தளம்) அறை என்றால் ஜன்னலைத் திறந்து அளந்து பாருங்கள். படுக்கையறை ஜன்னல் முழுதாகத் திறந்தால் ஆள் வெளியேற 0.35 சதுர மீட்டர் இடைவெளி வேண்டும், அகலமோ உயரமோ 38 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. கட்டட விதியில் உள்ள அளவு இது. தீப்பிடித்தால் படிக்கட்டு வழியே புகைதான் மேலே ஏறும். அப்போது அந்த ஜன்னல் ஒன்றுதான் வாசல். அடியில் ஒரு விரற்கடை மட்டும் திறக்கும் ஜன்னலைக் காட்டி ‘காற்றோட்டமான அறை’ என்று சொல்பவரிடம், வாடகை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

ஆஸ்போர்ன் வில்லேஜும் அதை ஒட்டிய ஃபோர்ட் ரூஜும் தனி ஆளுக்கும் இளம் தம்பதிக்கும் பொருந்தும். 5க்கு 4. கடை, மருந்தகம், வேலை எல்லாம் நடை தூரம், ப்ளூ லைனும் கைக்கெட்டும். பழைய அபார்ட்மென்ட்களில் பெரும்பாலும் சுடுநீர் ரேடியேட்டர்தான், சூட்டுக்கான செலவு வாடகையிலேயே அடங்கிவிடும். புதிய கட்டடங்களில் சுவரோரம் மின்சார ஹீட்டர் வைத்து அந்த பில்லை வாடகைதாரர் தலையில் கட்டுகிறார்கள். ‘ஹைட்ரோ யார் கட்டுவது?’ என்று இங்கே எல்லோரும் கேட்பார்கள். ஹைட்ரோ என்றால் தண்ணீர் இல்லை, மின்சாரம். மனிடோபாவில் மின்கட்டணம் கனடாவிலேயே மலிவான வகை. என்றாலும் கடைசி மூலை வீடு, வடக்குப் பார்த்த பெரிய கண்ணாடி என்றால் போன பிப்ரவரி பில்லைக் காட்டச் சொல்லிவிட்டே முடிவெடுங்கள். கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பகுதி தலைவலி, நிறுத்த இடம் கிடைக்காது.

குடும்பத்தோடு வருபவர்கள் செயின்ட் வைட்டலைப் பார்க்கலாம். இதுவும் 4. அபார்ட்மென்ட், டவுன்ஹவுஸ், 1970களின் தனி வீடு எல்லாம் கலந்து கிடக்கும். செயின்ட் வைட்டல் சென்டரில் பல பஸ்கள் வந்து சேரும். முழு எமர்ஜென்சி உள்ள செயின்ட் போனிஃபேஸ் மருத்துவமனை அதிக தூரமில்லை. செயின்ட் ஆன்ஸ் சாலையின் தென்கோடியில் மனிடோபா இந்து சங்கத்தின் கோயிலும் இருக்கிறது. வழி கேட்கும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த ஊரில் ஒரே சாலைக்குப் பாதி வழியில் பெயர் மாறும். ஆஸ்போர்ன், டன்கர்க், டகோட்டா மூன்றும் ஒரே சாலைதான். பழைய வரைபடத்தில் பிஷப் கிராண்டின் என்று இருப்பது இப்போது அபினோஜி மிகானா.

வடமேற்கில் மேப்பிள்ஸ், கார்டன் சிட்டி, ஆம்பர் டிரெயில்ஸ். பஞ்சாபி, பிலிப்பினோ குடும்பங்கள் நிறைய, நம் ஊர் மளிகை சுலபமாகக் கிடைக்கும், தெருவில் நாலு பேர் பழகுவார்கள். வேலை விமான நிலையம் பக்கமோ வடக்கிலோ என்றால் 4. படிப்பு மனிடோபா பல்கலைக்கழகத்தில் என்றால் 2தான், ஏனென்றால் தினமும் நகரத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போக வேண்டும். நடுவில் பெரிய ரயில் யார்டு ஒன்று நகரத்தை வெட்டிக்கொண்டு கிடக்கிறது. அதைத் தாண்ட 1912ல் கட்டிய ஆர்லிங்டன் பாலத்தை 2023 நவம்பரில் மூடிவிட்டார்கள். அந்தக் கூட்டமெல்லாம் இப்போது மெக்ஃபிலிப்ஸ், சால்ட்டர், மெயின் வழியாகத்தான் போகிறது. செவன் ஓக்ஸ் மருத்துவமனை பக்கத்தில் இருப்பது வசதி, ஆனால் அங்கே உள்ளது அர்ஜென்ட் கேர், அதாவது உயிருக்கு ஆபத்தில்லாத அவசரங்களுக்கான சிகிச்சை மட்டும். நெஞ்சுவலி, விபத்து என்றால் ஆம்புலன்ஸ் வேறு இடத்துக்குப் போகும்.

பிரிட்ஜ்வாட்டர், சேஜ் கிரீக் போன்ற புதிய பகுதிகள் படத்தில் மிக அழகு. குளம், நடைபாதை, இரட்டை காராஜ், நல்ல இன்சுலேஷன். இரண்டு கார் இருந்தால் 4, ஒரு கார் என்றால் 3, கார் இல்லையென்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம். பனி அள்ளும் வண்டி முதலில் பெரிய சாலைக்கும் பஸ் போகும் சாலைக்கும்தான் வரும், குடியிருப்புத் தெருக்களுக்குக் கடைசியில். வந்தாலும் உங்கள் டிரைவ்வே வாசலில் ஒரு வரப்பு விட்டுப் போகும், அதை அள்ளிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்ப முடியும். குழந்தைகள் இருந்தால் ‘பள்ளிக்கூடம் எதிரிலேயே’ என்ற பேச்சை நம்பாமல், அந்த வட்டாரப் பள்ளி நிர்வாகத்துக்கு முகவரியைச் சொல்லி இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். வளரும் பகுதிகளில் வகுப்புகள் நிரம்பி, பிள்ளைகளை வேறு பள்ளிக்கு பஸ்ஸில் அனுப்புவது சகஜம்.

வாடகையை விட்டு வாங்குவது என்று வந்தால், கண் போக வேண்டிய இடம் சமையலறை அல்ல, பேஸ்மென்ட். உல்ஸ்லி, ரிவர் ஹைட்ஸ், வெஸ்ட் எண்ட், நார்த் எண்ட் என்று பழைய வீடுகள் உள்ள எல்லாப் பகுதிக்கும் இது பொருந்தும். பனியுகத்தின் முடிவில் இங்கே கிடந்த அகாசிஸ் என்ற மாபெரும் ஏரியின் அடிச்சேறுதான் இந்த ஊரின் களிமண். ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். தெருவுக்கு அழகு சேர்க்கும் அதே எல்ம் மரம் வறண்ட கோடையில் அஸ்திவாரத்தடி ஈரத்தை உறிஞ்சிவிடும், வீடு அந்தப் பக்கமாக இறங்கும். பேஸ்மென்ட் நடுவில் உத்தரத்தைத் தாங்கி இரும்புத் தூண்கள் நிற்கும், டெலிபோஸ்ட் என்பார்கள். அதில் திருகு ஒன்று உண்டு, வீடு இறங்கும்போது அதைத் திருகித்தான் தரையைச் சமன் செய்வார்கள். திருகின் புரி முழுக்க ஓடி முடிந்து, இனித் திருக இடமில்லாமல் இருந்தால் அந்த வீடு பல வருடமாக அசைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மேல்தளத்தில் கதவுகளைச் சாத்திப் பாருங்கள். நிலையின் மூலையில் ஆப்பு வடிவத்தில் இடைவெளி தெரிந்தால் அதுவும் அதே கதைதான். மெல்லிய செங்குத்து விரிசல் பெரும்பாலும் சரி செய்யக்கூடியது. படுக்கைவாட்டில் விரிசல் விட்டு சுவர் உள்ளே புடைத்திருந்தால் செலவு பல ஆயிரம் டாலருக்குப் போகும், விலகிவிடுவது நல்லது.

அடுத்தது சாக்கடை. நகரின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில், பழைய பகுதிகளில், மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில்தான் ஓடுகின்றன. கோடையில் பேய்மழை பெய்தால் அந்தத் தண்ணீர் பேஸ்மென்ட் தரைத் துளை வழியே திரும்பி மேலே வரும். சாக்கடை நீர் வீட்டுக்குள் திரும்பி வராமல் தடுக்கும் பேக்வாட்டர் வால்வு போட்டிருக்கிறார்களா, அதன் மூடியைத் திறந்து சுத்தம் செய்ய முடியுமா என்று பாருங்கள். காப்பீட்டில் சீவர் பேக்கப் (சாக்கடை நீர் திரும்பி வருவதற்கான காப்பு) என்பது தனியாகச் சேர்க்க வேண்டிய பிரிவு, கேட்காமல் வராது. ஆற்று வெள்ளத்துக்கு 1968ல் முடித்த ஃப்ளட்வே கால்வாய் பாதுகாப்பு தருகிறது. அதற்காக ஆற்றங்கரை மனையைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது, கரை சரியும். ரெட், அசினிபோயின், சீன், லா சால் ஆறுகளிலிருந்து 107 மீட்டருக்குள் டெக் (வீட்டை ஒட்டிய திறந்த மேடை) கட்டக்கூட மாநகராட்சியிடம் தனி அனுமதி வாங்க வேண்டியிருக்கலாம்.

1950க்கு முன் கட்டிய வீடு என்றால், தண்ணீர்க் குழாய் தரையிலிருந்து உள்ளே வரும் இடத்தைச் சாவியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். மிருதுவாக, வெள்ளி போல் பளபளத்து, காந்தமும் ஒட்டாவிட்டால் அது ஈயம். நாப் அண்ட் ட்யூப் என்ற பழைய காலத்து மின் வயரிங் இருந்தால் காப்பீடு கிடைப்பதே கஷ்டம். மண்ணிலிருந்து வீட்டுக்குள் கசியும் கதிரியக்க வாயுவான ரேடானும் மனிடோபாவில் அதிகம். குடி வந்ததும் குளிர்காலத்தில் மூன்று மாதச் சோதனை வையுங்கள், காற்றில் கன மீட்டருக்கு 200 பெக்கெரலுக்கு மேல் போனால் சரி செய்ய வேண்டும். கையில் வைக்க வேண்டிய பணத்தில் நிலமாற்று வரியையும் சேருங்கள்: 4,00,000 டாலர் வீட்டுக்கு 5,650 டாலர். முதல் வீடு என்றாலும் மனிடோபாவில் இதில் தள்ளுபடி இல்லை.

செயின்ட் ஜேம்ஸில் போருக்குப் பின் கட்டிய சின்னச் சின்ன பங்களாக்கள் விலைக்கு நல்ல மதிப்பு, கிரேஸ் மருத்துவமனையும் பக்கம். விமான நிலையம் 24 மணி நேரமும் இயங்குவதால் தெருவைப் பொறுத்துத் தூக்கம் போகும். இரவு பத்துக்கு மேல் ஒரு முறை போய் நின்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். நார்த் எண்ட் என்றதும் ‘அங்கே போகாதே’ என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அங்கே வாழ்ந்தவர்கள் அல்ல. கடினமான தெருக்கள் இருக்கின்றன, தலைமுறை தலைமுறையாக நல்ல அயலார் வாழும் தெருக்களும் இருக்கின்றன. காவல்துறை இணையத்தில் வெளியிடும் குற்ற வரைபடத்தில் அந்தத் தெருவை மட்டும் பாருங்கள், பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை நடந்தும் பாருங்கள்.

வாடகைக்கு எடுக்கும்போது டெபாசிட் அரை மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, வாடகை உயர்த்த மூன்று மாதம் முன்பே எழுத்தில் தர வேண்டும். இரண்டும் மனிடோபா சட்டம். கார் வைத்திருந்தால் பார்க்கிங் இடத்தில் பிளாக் ஹீட்டர் (குளிரில் இன்ஜினைச் சூடாக வைக்கும் கருவி) பிளக் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள், அதில் மின்சாரம் வருகிறதா என்றும் கேளுங்கள். கோடையில் செல்போன் சார்ஜரைச் சொருகி வரவில்லை என்றால் உடைந்திருக்கலாம், அல்லது குளிர் வந்தால்தான் போடுவார்கள், அல்லது விட்டு விட்டு வரும்படி வைத்திருப்பார்கள். எது என்று லீஸில் எழுதி வாங்குங்கள். தெருவில் நிறுத்துபவர்கள், மாநகராட்சி அந்தத் தெருவுக்கு எந்த எழுத்து மண்டலம் கொடுத்திருக்கிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பனி அள்ளும்போது அந்த எழுத்தை அறிவித்து 12 மணி நேரம் நிறுத்தத் தடை போடுவார்கள். வண்டி அங்கேயே நின்றால் அபராதம் எழுதி, இழுத்துக்கொண்டு போய் பக்கத்துத் தெருவில் விட்டிருப்பார்கள். மைனஸ் 30ல் அதைத் தேடி நடக்க வேண்டியிருக்கும்.